இராயப்பருக்கு ஒரு குரல்

2-2-1959, திங்கள்

ஏழாம் வகுப்புக் கட்டுரைத் தாள் முப்பத்தெட்டும் திருத்தி முடித்தேன். பசுவைப் பற்றி முப்பத்தெட்டுப் பேரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். நான் கரும்பலகையில் எழுதிப்போட்டதுதான் திரும்பி வருகிறது. யாரைக் கோபித்துக்கொள்வது?

சாயங்காலம் எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் கூப்பிட்டனுப்பினார். ஹாலந்து தேசத்துச் சாமியார் ஒருவர் வந்து தங்கியிருக்கிறார். பாலித் தீவில் எட்டு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர். அவரிடம் ஒரு மரப்பெட்டி. திறந்தார்; உள்ளே அடுக்கடுக்காகத் தோல்பாவைகள். தோலும் விளக்குக் கரியும் கலந்த அந்த வாசனை எனக்கு முதலில் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூட ஹாலில் ஒரு வேட்டியைக் கட்டி, பின்னால் விளக்கு வைத்து ஆட்டிக் காட்டினார். அந்தத் தீவில் ராமர் கதையும் பாண்டவர் கதையும் இப்படித்தான் நடக்குமாம். அதே திரை, அதே விளக்கு, அதே ராகத்தில் இப்போது சேசுநாதர் கதையையும் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்களாம்.

நம் சாமியாருக்குக் குஷி தாங்கவில்லை. "நம்ம ஊர்லயே பாவைக்கூத்து இருக்கேய்யா! ஈஸ்டருக்கு முன்னாடி தபசு காலத்துல ஆண்டவரோட சிலுவைப் பாடுகளை இப்படிப் போட்டா என்ன? அடைக்கலம், நீர் வசனம் எழுதும். கூத்துக்காரங்க யாரையாச்சும் உமக்குத் தெரியுமா?"

"தெரியாது சாமி."

அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

8-2-1959, ஞாயிறு

பூசை முடிந்ததும் சைக்கிளில் ஸ்ரீரங்கம். கொள்ளிடக்கரையில் பாவைக்கூத்துக்காரர்கள் கூடாரம் போட்டிருப்பதாகப் பள்ளிக்கூடப் பியூன் மருதை துப்புக் கொண்டுவந்துவிட்டார். தேடினேன், ஆள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சாமியார் மறந்துபோயிருப்பார். எங்கே மறக்கிறது, தினம் இரண்டு தடவை கேட்கிறார்.

கூத்துத் தலைவர் விட்டோபா ராவ். ஐம்பது வயசிருக்கும், கனத்த குரல். விஷயத்தைச் சொன்னேன். "கதையைச் சொல்லுங்க சார். எந்தச் சாமியா இருந்தா என்ன, விளக்கும் திரையும் ஒண்ணுதானே" என்றார். ஆனால் அவருக்கும் அவர் சம்சாரத்துக்கும் எழுத்துத் தெரியாது. தாளில் எழுதிக் கொடுத்துப் பிரயோசனமில்லை. வாயால் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். "பொம்பளைக் குரல் அத்தனையும் இவதான்" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

வந்தாள். கையில் ஒரு பாவை, அதைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்தாள். துடைக்கிற கை நின்றது.

பிறகு, "உக்காருங்க சார், மோர் கொண்டாறேன்" என்றாள்.

இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

9-2-1959

அவள்தான். துளசி அக்காதான்.

11-2-1959, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்திருக்கிறேன். வாத்தியார் நோட்டு என்றாலே என் மனைவி லூர்துராணிக்குக் கொட்டாவி வரும், இதைத் தொட மாட்டாள். இதிலாவது உண்மையை எழுதலாம்.

நான் பாவைக்கூத்துக்காரர் பிள்ளை. வீட்டில் பேசியது மராட்டி. வையம்பட்டிப் பக்கம் கூடாரம் போட்டிருந்தபோது காலராவில் அப்பா போனார், அதே வாரத்தில் அம்மா. எனக்கு எட்டு வயசு, அக்காவுக்குப் பதினாலு. அவள்தான் என்னைக் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்து, சாமியார்களின் அனாதை விடுதி வாசலில் விட்டாள். சோறு கிடைத்தது, படிப்பு கிடைத்தது. அடைக்கலம் என்கிற பேரும் அங்கே கிடைத்ததுதான்.

கல்யாணப் பேச்சு வந்தபோது பாலக்கரையில் மாமனார் நேராகவே கேட்டார்: "தம்பிக்குப் பூர்வீகம் எது? என்ன ஆளுங்க?" முசிறிப் பக்கம் விவசாயக் குடும்பம், நெல்லும் வாழையும், எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றேன். கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தாலும் பெண் கொடுக்கிற இடத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அவர் திருப்தியாகத் தலையாட்டினார். ஏழு வருஷமாக, முசிறியில் நல்ல மழையாம் என்று யாராவது சொன்னால் இல்லாத வயலை நினைத்து நானும் தலையாட்டுகிறேன்.

ராவ் அக்காவை அதற்குப் பிறகு கட்டியவர். அவருக்கு என்னைத் தெரியாது. அக்கா அவரிடம்கூடச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? என் சட்டையையும் கைக்கடியாரத்தையும் பார்த்தே புரிந்துகொண்டாளா?

16-2-1959, திங்கள்

சாமியார் பங்களா முற்றத்தில் பாவைத் தேர்வு. தபசு காலத்தில் சிரிக்கக்கூடாது, ஆனாலும் வந்துவிட்டது. தீர்ப்புச் சொல்கிற பிலாத்துக்கு ஒரு ராஜா கிடைத்தார். ரோமாபுரிச் சேவகர்களுக்குக் கோரைப்பல் அரக்கர்கள் தயார். கதையில் கூவ வேண்டிய சேவலுக்கு ராவிடம் இருந்தது மயில்தான். தோகையை மறைத்துக் காட்டுகிறேன் என்றார். சேசுநாதரைப் புதிதாக ஆட்டுத்தோலில் செதுக்குவதென்று முடிவாயிற்று. "உங்க சாமி என்ன நிறம் சார்? எங்க ராமர் பச்சை" என்று ராவ் கேட்க, பங்குச் சாமியார் சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். அந்த ரோஸ் கலர் ராவிடம் இல்லை.

சேசுநாதரின் தலைமைச் சீடர் இராயப்பருக்கும் பாவை இல்லை. தாடி வைத்த ரிஷி ஒருவரை எடுத்து நீட்டினார் ராவ். "இவரு கோவக்காரரு, சாபம் குடுக்கிறவரு. உங்க ஆளு எப்படி?"

"பயந்தவர்" என்றேன்.

கோமாளிகள் இரண்டு பேர் இல்லாவிட்டால் ஜனம் எழுந்து போய்விடும் என்று ராவ் ஒரே பிடியாக நின்றார். சாமியார் வெகுநேரம் யோசித்து, சிலுவையடியில் உடுப்புக்குச் சீட்டுப் போடுகிற சேவகர்களாக அவர்களை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அப்புறம் நான் உளறினேன். யூதாஸ் எந்தப் பக்கம் நிற்பான் என்று சாமியார் கேட்டார். "பந்தியில வலப்பக்கம், நல்லவங்களோட. காசு வாங்கினப்புறம் இடப்பக்கம் மாறணும். மாறுறப்போ விளக்குப் பக்கமா இழுத்துட்டா நிழல் பெரிசாயிடும்" என்றேன். கூத்துக்காரன் வீட்டில் பிறந்தவனுக்குத்தான் இது தெரியும். ராவ் நிமிர்ந்தார். "சாருக்கு இது எப்படித் தெரியும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "அன்னிக்கு நாந்தான் சொன்னேன். படிச்சவங்க, ஒருக்கா கேட்டாப் போதும்."

அவள் சொல்லவே இல்லை. எனக்கு ஆறு வயசில் அப்பா சொன்னது. எனக்காக அவள் புருஷனிடம் பொய் சொல்கிறாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

19-2-1959

வசனம் எழுதி முடித்தேன். இராயப்பர் வருகிற இடத்தை மட்டும் நாலு தடவை கிழித்துப் போட்டேன்.

22-2-1959, ஞாயிறு

ராவ் தோல் வாங்க வெளியூர் போயிருந்தார். அக்காவுக்கு அவள் பங்கைச் சொல்லிக்கொடுக்கப் போனேன். சேசுநாதரைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, முற்றத்தில் குளிர் காய்கிற இராயப்பரைப் பார்த்து வேலைக்காரி கேட்கிற இடம். சேவல் கூவுவதற்குள் மூன்று தடவை அவரைத் தெரியாது என்று சொல்லிவிடுவார் இராயப்பர். வேலைக்காரி அக்கா. ராவ் இல்லாததால் இராயப்பரை நான் சொல்ல வேண்டியதாயிற்று.

"ஏய்யா, நீயும் அவரோட ஆளுதானே? உன்னைப் பாத்திருக்கேனே!"

"எனக்கு அந்த ஆளைத் தெரியாது."

தாளம் சரியாக விழவில்லை என்று அவளே மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி கேட்டாள். நானும் மறுபடி சொன்னேன். அவள் கேள்வியில் ஒரு குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை. எந்த இடத்தில் பாவையைத் திருப்ப வேண்டும், எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்றுதான் பார்த்தாள். மூன்றாம் தடவை முடிந்ததும் பாவையை மடியில் சாய்த்துக்கொண்டு, எங்கள் பாஷையில் மெல்லச் சொன்னாள், உனக்கு அப்பா குரல் என்று.

இருபத்தைந்து வருஷத்துக்கு அப்புறம் காதில் விழுகிற பாஷை. ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

"என்னம்மா சொல்றீங்க? புரியலையே" என்றேன் தமிழில்.

கூடாரத்தில் வேறு யாரும் இல்லை. ஒரு நாய்கூட இல்லை. யாருக்குப் பயந்து அப்படிச் சொன்னேன்?

"ஒண்ணுமில்ல சார். நல்லா சொல்றீங்கன்னேன்" என்றாள்.

24-2-1959

இன்றும் போனேன். தமிழில்தான் பேசினாள். இனி என்னிடம் அந்தப் பாஷையில் பேச மாட்டாள்.

1-3-1959, ஞாயிறு

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் சாமி என்றேன். எத்தனை தடவை என்றார். கணக்கில்லை என்றேன். ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். இலேசாக இருக்க வேண்டுமே, இல்லை.

அங்கே சொல்லாமல் விட்டது ஒன்று. எனக்குப் பன்னிரண்டு வயசில், பொங்கலுக்கு மறுநாள், அக்கா விடுதிக்கு என்னைத் தேடி வந்தாள். கையில் ஒரு துணி மூட்டை. மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பையன்கள், "பாவைக்காரி வந்திருக்காடா, யாருக்கு உறவு?" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்வாசல் வழியாகக் காவல்காரரிடம் ஓடி, அடைக்கலம் சாமியாரோடு வெளியூர் போயிருக்கிறான் என்று சொல்லச் சொன்னேன். அவள் உடனே போகவில்லை. வேலியோரம் மத்தியானம் வரைக்கும் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். மூட்டையைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே வேர்க்கடலை. பையன்களோடு சேர்ந்து நானும் தின்றேன்.

இராயப்பர் மூன்றோடு நிறுத்திக்கொண்டார்.

14-3-1959, சனி

கூத்து நடந்தது. பள்ளிக்கூட மைதானம் கொள்ளாத கூட்டம். பாலக்கரை பாதி இங்கேதான் இருந்தது. ஜனம் வருவதற்கு முன்பே ராவ் திரைக்குப் பின்னால் பிள்ளையாருக்குச் சூடம் காட்டினார். பங்குச் சாமியார் அந்த நேரத்தில் பெஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

புதுச் சேசுநாதர் விளக்கொளியில் மஞ்சளாகத் தெரிந்தார், ரோஸ் வரவில்லை, யாரும் குறை சொல்லவில்லை. இராயப்பருக்கு ராவ்தான் குரல் கொடுத்தார். என்னைவிட நன்றாக இருந்தது. கோமாளிகள் சீட்டுப் போட்டபோது சிரித்த ஜனம், மாதா வந்ததும் அடங்கிப்போயிற்று. மாதாவின் ஒப்பாரியை அக்கா பாடினாள். "கையப் புடிச்சுக் கூட்டியாந்தேன், கண்ணே, உன்னை யாருகிட்ட விட்டுப் போவேன்" என்று ஓர் அடி. நான் எழுதிக் கொடுத்தது இல்லை அது. லூர்துராணி தேம்பித் தேம்பி அழுதாள். மாமனாரே மூக்கைச் சிந்தினார். நான் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் சாப்பாடு. எங்களுக்கு ஹாலில் மேஜை. கூத்துக்காரர்களுக்கு வராந்தாவில் தரையில் இலை. மாமனாரின் ஏற்பாடு. "அவங்களுக்கு அதுதான் சௌகரியம்" என்றார். கதவு திறந்திருந்தது. என் இடத்திலிருந்து அக்காவின் முதுகு தெரிந்தது. எழுந்து போய் ஒரு கரண்டி குழம்பாவது பரிமாறியிருக்கலாம். வாத்தியார் பரிமாறினால் யாரும் எதுவும் நினைத்திருக்க மாட்டார்கள். அதற்குக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. குழம்பு நன்றாக இருந்தது. இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சீ.

15-3-1959, ஞாயிறு

லூர்துராணி காப்பி ஆற்றிக்கொண்டே கேட்டாள். "அந்தப் பாவைக்காரம்மா சிரிக்கிறப்போ மூக்கு சுருங்குது, பாத்தீங்களா? அச்சு அசல் நீங்க சிரிக்கிற மாதிரியே."

"யாரு? நான் சரியாப் பாக்கலையே."

ஒரு மாதமாக எதிரே உட்கார்ந்து வசனம் சொல்லிக்கொடுத்த ஆளை! லூர்துராணி என்னை ஒரு நொடி பார்த்தாள். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

17-3-1959

கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். மருதை சொன்னார். நான் போய்ச் சொல்லிக்கொள்ளவில்லை.

22-11-1959, ஞாயிறு

பிரசங்கத்தில் பங்குச் சாமியார் கூத்தைப் பற்றிப் பேசி என்னைப் புகழ்ந்தார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

12-6-1960, ஞாயிறு

மாமனாருக்கு முசிறி போய் என் பூர்வீக வீட்டைப் பார்க்க வேண்டுமாம். பஸ் நேரம்கூட விசாரித்துவிட்டார். காலையில் வயிற்று வலி என்று சுருண்டு படுத்துக்கொண்டேன். லூர்துராணி ஓம வாட்டர் கொடுத்தாள். முப்பத்துநாலு வயசுக் கழுதை, கணக்குப் பாடத்துக்குப் பயந்த பையனைப் போலப் படுத்திருந்தேன்.

30-12-1960, வெள்ளி

கிறிஸ்துமஸ் லீவு. ஏகாதசிக் கூட்டத்துக்கு அவர்கள் வந்திருப்பார்கள் என்று மனசு சொன்னது. சினேகிதர் ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். இன்னமும் பொய்தான்.

கொள்ளிடக்கரையில் கூடாரம் இருந்தது, ஆள் இல்லை. பக்கத்தில் வளையல் கடை போட்டிருந்த ஜீனத் என்கிற அம்மாதான் சொன்னார். ராவ் போன ஆடியில் காலமாகிவிட்டார். அக்காதான் கொழுந்தனை வைத்துக்கொண்டு கூத்தை நடத்துகிறாள். அவன் ஒப்புக்கொண்ட ஆட்டத்துக்கு மருங்காபுரி போயிருக்கிறான். "வயித்து வலியில துடிச்சிச்சுங்க. நாங்கதான் காலையில குதிரை வண்டியில ஏத்திப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிச்சோம். நீங்க யாருங்க அவங்களுக்கு?"

சைக்கிளைத் திருப்பி மிதித்தேன்.

31-12-1960, சனி

நேற்றைய மிச்சம். பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில். ஒரு பிடி ஆளாக இளைத்துக் கிடந்தாள். வயிற்றில் கட்டி, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நர்ஸ் நசீரா பாரத்தை நீட்டினார். என்ன உறவு என்று ஓர் இடம். தம்பி என்று எழுதினேன்.

நர்ஸ் அதைப் படித்துவிட்டு, "உங்க தம்பி வந்துட்டாரும்மா, இனிமே பயமில்ல" என்று அக்காவிடம் சொன்னார்.

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "தம்பியா? எனக்குத் தம்பி கிடையாதும்மா. இவரு பள்ளிக்கூடத்து வாத்தியாரு. பெரிய இடத்துல பொண்ணு கட்டினவரு. ஏதோ நல்ல மனசுல எழுதிட்டாரு. அதை அடிச்சிடுங்க."

அந்த வலியிலும் என் மானத்தைத்தான் காப்பாற்றுகிறாள். நர்ஸ் பாரத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னங்க, அவங்க இல்லைங்கிறாங்க?"

அடிக்க வேண்டாம் என்றேன். குனிந்து எங்கள் பாஷையில் பேசினேன். இருபத்தாறு வருஷம் பேசாத வாய், பாதி வார்த்தை தப்பு, எட்டு வயசுப் பையன் பேசுகிற மாதிரியே வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அன்றைக்கு விடுதியில் நான் இருந்தேன் அக்கா, ஜன்னலிலிருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

தெரியும் என்றாள். உன் தலை தெரிந்தது, பார்த்துக்கொண்டே இருக்கலாமே என்றுதான் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன் என்றாள்.

வார்டு என்றும் பாராமல் அழுதேன். சாயங்காலம் ஆபரேஷன் ஆயிற்று. பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் இன்று சொன்னார்.

1-1-1961, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் லூர்துராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முசிறி வயல், ஓம வாட்டர் உட்பட. அவள் அழவில்லை. "எங்கப்பாகிட்ட பொய் சொன்னீங்க, சரி, பொண்ணு வேணும். எங்கிட்ட ஏன்? எட்டு வருஷமா?" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

3-1-1961, செவ்வாய்

மாமனார் வந்தார். உட்காரவில்லை. "கூத்தாடிப் பயலுக்கா என் பொண்ணைக் குடுத்தேன்" என்றார். ஆமாம் மாமா என்றேன். மகளைத் தன்னோடு வரச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் அடுப்படியை விட்டு வரவில்லை, பேசவும் இல்லை. என்னிடமும்தான் பேசவில்லை, இது மூன்றாம் நாள். தட்டு வைக்கிறாள், சோறு போடுகிறாள், அவ்வளவுதான்.

6-1-1961, வெள்ளி, மூன்று ராஜாக்கள் திருநாள்

அக்காவுக்கு இன்றிலிருந்து ஆகாரம் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன், சுவரைப் பார்த்துச் சொல்வது மாதிரி. லூர்துராணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை. களைந்த தண்ணீரை வடித்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணிக்கு என்ன பிடிக்கும்?"

யோசித்துப் பார்த்தேன். எட்டு வயசு வரைக்கும் அவள் பிசைந்து கொடுத்துச் சாப்பிட்டவன் நான். அவள் என்ன சாப்பிட்டாள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. தெரியலையே என்றேன்.

லூர்துராணி திரும்பினாள். ஐந்து நாளில் இன்றுதான் என் முகத்தைப் பார்க்கிறாள்.

"போய்க் கேட்டுட்டு வாங்க. நான் உலையை வைக்கிறேன்."